மதிய டூட்டி

"டூட்டிக்கு நேரமாகலையா?"

கரண்டியில் தண்ணீர் எடுத்து மனைவியின் உதட்டருகே கொண்டுபோன டிரைவர் கையைத் தாழ்த்திக்கொண்டார். காலையிலிருந்து இதே கேள்விதான். அவரும் சலிக்காமல் அதே பதிலைச் சொன்னார்.

"நான் லீவுல இருக்கேன்மா. உன்கூடத்தான் இருக்கப் போறேன்."

"பஸ்ஸை யாரு எடுப்பா?"

"எவனாவது எடுப்பான். ஊர்ல நான் ஒருத்தன்தான் டிரைவரா?"

அவள் சமாதானமாகவில்லை. எலும்பாகிப்போன கையைக் கட்டில் விளிம்பில் ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தாள். அவருக்குச் சாப்பாடு கட்ட வேண்டுமாம். வலிக்கு நர்ஸ் போட்டுவிட்டுப் போன ஊசியில் இன்று எது, நேற்று எது என்பதெல்லாம் அவளுக்குக் குழம்பிக் கிடந்தது. அவருடைய டூட்டி மட்டும் குழம்பவில்லை, பாருங்கள்.

இந்த லீவை வாங்க அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆள் பற்றாக்குறை என்று டிப்போ மேனேஜர் இழுத்தடித்தார். அதுகூடப் பரவாயில்லை. நோய் இன்னதென்று தெரிந்த அன்றைக்கே இவள் சொல்லிவிட்டாள்: "இப்பவே லீவைக் கரைச்சுடாதீங்க. நான் நல்லாத்தானே நடமாடிட்டு இருக்கேன். படுத்தப்புறம் போட்டுக்கலாம்." அவருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. அவள் நடமாடிய மாதங்களிலெல்லாம் அவர் பஸ் ஓட்டினார். வார ஓய்வு ஆஸ்பத்திரிக்கே சரியாகப் போனது. ஒருநாள் அவள், "கடல் பக்கம் போய் சும்மா உக்காந்துட்டு வரலாமா?" என்று கேட்டபோதுகூட, ஒரு லீவு வீணாகிவிடுமே என்றுதான் யோசித்தார். இப்போது லீவு கைநிறைய இருந்தது. அவள்தான் பாதிக்கு மேல் போய்விட்டிருந்தாள்.

"அத்தான், இங்க வாங்க."

ஒத்தாசைக்கு வந்திருந்த மச்சினி அவரைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டாள். "அக்காவுக்கு மூச்சு வாங்குது பாத்தீங்களா? நீங்க கிளம்பலைன்னுதான் தவிக்கிறா. யூனிஃபார்மைப் போட்டுக்கிட்டு டூட்டிக்குப் போற மாதிரி கிளம்புங்க. கீழ கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்துடலாம். அதுக்குள்ள அசந்துடுவா."

"அவளை ஏமாத்தச் சொல்றியா?"

"நிம்மதியா இருக்கட்டுமேன்னு சொல்றேன்."

அவர் யூனிஃபார்மை மாட்டினார். பூட்ஸ் போட்டார், தலை வாரினார். எதிரில் வந்து நின்றதும் அவள் முகம் தெளிந்ததைப் பார்க்க வேண்டுமே. இத்தனை மாதமாக எந்த மாத்திரையும் செய்யாததை அந்த நீலச் சட்டை செய்தது.

"காலர் மடிஞ்சிருக்கு," என்றாள்.

குனிந்தார். அவள் விரல் காலர் வரை எட்டாமல் கன்னத்தில் பட்டுக் கீழே விழுந்தது. அவரே சரிசெய்துகொண்டார்.

"சரி, வரட்டுமா?"

"ஒண்ணுக்குப் போயிட்டீங்களா?"

மச்சினி வாயைப் பொத்திக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள். கல்யாணமான நாளிலிருந்து தினமும் வாசலில் அவள் கேட்கும் கேள்வி அது. நட்டநடு ரோட்டில், வண்டி நிறைய ஜனத்தை வைத்துக்கொண்டு, பஸ்ஸை எங்கே ஓரங்கட்டுவது? சின்னப் பிள்ளையைக் கேட்பதுபோலக் கேட்கிறாளே என்று அவர் எரிந்து விழாத நாளில்லை. இன்றைக்கு மறுபேச்சு பேசாமல் கழிவறைக்குள் போனார். ஒன்றும் வரவில்லை. அவளுக்குக் கேட்கட்டும் என்று தண்ணீரைச் சத்தமாக ஊற்றினார். அங்கேயே சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு கொஞ்சம் அழுதார். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

"போயிட்டேன்."

"பாத்து ஓட்டுங்க."

மூன்றாவது மாடி. வழக்கம்போலத் தடதடவென்று இறங்கினார். கீழே தபால் பெட்டிகளுக்குப் பக்கத்தில் நின்றார். முதல் மாடிக்காரர் காய்கறிப் பையோடு வந்து, "டூட்டியா?" என்று கேட்டார். "ஆமா," என்றார். மனுஷன் அதோடு போனாரா என்றால், இல்லை. வெங்காயம் விற்கிற விலையைச் சொல்லி அங்கலாய்த்தார். டிரைவர் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு நின்றார். முதல் மாடிக்காரர் போனதும் பூட்ஸைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சத்தமில்லாமல் மேலே ஏறினார்.

கதவைத் திறந்த மச்சினியின் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது.

"நீங்க இறங்குற சத்தத்தைக் கேட்டுட்டே இருந்தா, அத்தான். சத்தம் நிக்கிற வரைக்கும் கேட்டா. 'போயிட்டாரு'ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினா. அசந்துட்டான்னுதான் நான் நினைச்சேன்."

சாயங்காலம் டிப்போவிலிருந்து துக்கம் கேட்க வந்தார்கள். மேனேஜரும் வந்திருந்தார். மச்சினி எடுத்து வைத்த மாற்றுச் சட்டை நாற்காலியில் அப்படியே கிடந்தது. டிரைவர் யூனிஃபார்மோடு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தார். அவரோடு வெகுகாலம் ஒரே வண்டியில் ஓடிய கண்டக்டர் அதைப் பார்த்துவிட்டு நெஞ்சு பொறுக்காமல் கேட்டார்.

"இன்னிக்குமா உன்னை டூட்டிக்கு வரச் சொன்னாங்க? லீவு தரலையா?"

மேனேஜர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"தந்தாங்க," என்றார் டிரைவர்.

கண்டக்டர் புரியாமல் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். டிரைவர் கொஞ்சம் நகர்ந்து, அவர் உட்காரக் கட்டிலோரத்தில் இடம் விட்டார்.