இரண்டு விரல் இறக்கம்

டிராக் ஓரத்துக் கம்பெனி ஷெட்டில், பந்தய பைக்கின் பின்பக்கத்தை இரண்டு பேர் தூக்கிப் பிடிக்க, ஸ்பிரிங் அக்கா தரையில் ஒருக்களித்துப் படுத்து டேப்பை வைத்தாள். பின்சக்கரத்தின் அச்சிலிருந்து, வாலில் அவளே ஒட்டியிருந்த சிவப்பு ஸ்டிக்கர் வரை. அளவை வாய்க்குள் சொல்லிக்கொண்டே நோட்டில் குறித்தாள். வண்டியை இறக்கச் சொன்னாள்.

"இப்ப ஏறுங்க. ரெண்டு காலும் மேல. ஆடாதீங்க."

சின்னவர் ஏறினார். முதலாளியின் மகன், தோல் சூட்டோடு எண்பத்தோரு கிலோ. ஏறியவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசினார், வண்டியும் கூடவே குலுங்கியது. பேச்சு முடியும் வரை அக்கா டேப்பைப் பிடித்தபடி தரையிலேயே கிடந்தாள். சிமெண்டுத் தரையின் குளிர் இடுப்பில் ஏறியது.

முப்பத்தொரு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. சரியான அளவு. ஆள் ஏறி உட்கார்ந்தால் வண்டியின் பின்பக்கம் இரண்டு விரல் அகலம் இறங்க வேண்டும். அந்த இறக்கம் இருந்தால்தான் சக்கரம் மேடு பள்ளத்தில் ரோட்டை விடாமல் பிடிக்கும். இறங்காத வண்டி முரட்டுக் கழுதை, எப்போது உதைக்கும் என்று அதற்கே தெரியாது. இருபத்திரண்டு வருஷமாக இந்த இரண்டு விரலுக்காகத்தான் அவள் தரையில் படுத்து எழுந்துகொண்டிருக்கிறாள்.

"பின்னாடி இன்னும் கொஞ்சம் தூக்குங்கக்கா. வளைவுல சட்டுன்னு சாயணும்" என்றார் சின்னவர்.

"தூக்குறேன். ஆனா பிரேக் அடிக்கிறப்ப ஹேண்டில் தலைய ஆட்டும். உங்க எடை பின்னாடி உக்காந்திருக்கிறதால தாங்கும்."

ஸ்பிரிங்கைத் தாங்கும் ஷாக் அப்சார்பரின் தலைப்பக்கம் ஒரு வளையத்தைச் செருகினாள். வண்டியின் வால் ஆறு மில்லிமீட்டர் உயர்ந்தது. சின்னவரின் எடைக்கு ஸ்பிரிங்கை இறுக்கி, மறுபடி அளந்து எழுதி வைத்தாள். அதற்குள் கேமராக்காரர்கள் வந்துவிட்டார்கள். சின்னவர் தலையைக் கோதிக்கொண்டு பேட்டி கொடுக்கப் போனார்.

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார். "டயர் புதுசு. மேல்பூச்சு தேயாம ஓட்டினா வழுக்கும். பஞ்சுவ ரெண்டு ரவுண்டு போயிட்டு வரச் சொல்லுங்க."

பஞ்சு அவளுடைய தம்பி. எடை ஐம்பத்தாறு கிலோ, அதனால் அந்தப் பேர். ஏழு வருஷமாகச் சின்னவருக்கு முன்னால் வண்டியை ஓட்டிப் பார்க்கிறவன் அவன்தான். கம்பெனி ரிஜிஸ்டரில் அவன் வேலை, வண்டி கழுவுவது. "அவரு படுக்கிற மெத்தையில தேள் இருக்கான்னு நான் மொதல்ல படுத்துப் பாக்குறேன்" என்று வீட்டில் சொல்லிச் சிரிப்பான். அவன் பெண்டாட்டி சிரிக்க மாட்டாள்.

அக்கா கொக்கி ஸ்பேனரைக் கையில் எடுத்தாள். "பதினஞ்சு நிமிஷம் குடுங்க சார். வளையத்த எடுத்துட்டு ஸ்பிரிங்க தளர்த்திடுறேன். இவன் எடைக்கு இது எறங்காது."

"பதினஞ்சு நிமிஷம் அவுக்க, பதினஞ்சு நிமிஷம் மாட்டவா? டிராக்குல நமக்குக் குடுத்த நேரமே நாப்பது நிமிஷம். கைய வைக்காதீங்க."

"அப்ப ஒருதடவ அளந்தாவது பாக்குறேன்."

பஞ்சு ஏறி உட்கார்ந்தான். பன்னிரண்டு மில்லிமீட்டர். ஒரு விரல்கூட இல்லை. அவள் நோட்டில் எழுதினாள்: பஞ்சு, 56 கிலோ, 12. மாத்தக் கேட்டேன். மேனேஜர் விடல.

"விடுக்கா, ரெண்டு ரவுண்டுதான. மாட்டு வண்டி மாதிரி போயிட்டு வந்துடறேன்" என்று பஞ்சு ஹெல்மெட்டை மாட்டினான்.

இரண்டு ரவுண்டு மெதுவாகத்தான் போனான். ஆனால் பேட்டி முடியவில்லை. மேனேஜர் அவனை உள்ளே கூப்பிடவில்லை. நான்காவது ரவுண்டில் டிராக் சுவரோரம் போய் நின்று கையைத் தலைக்கு மேல் சுழற்றினார். டயர் சூடாகட்டும், வேகமாகப் போ என்று அர்த்தம். அக்கா ஓடி வந்து அவர் கையைப் பிடித்து இறக்குவதற்குள் பஞ்சு அதைப் பார்த்துவிட்டான். சொன்னதைச் செய்கிறவன்.

நேர்ரோட்டின் முடிவில் பிரேக் பிடித்தபோது பின்சக்கரம் தரையை விட்டு எழும்பியது. ஹேண்டில் இப்படியும் அப்படியும் அடித்தது. வண்டி அவனை உதறிவிட்டு, அவன் மேலேயே வந்து விழுந்தது.

இடது தொடையில் இரண்டு இடத்தில் எலும்பு முறிவு, இடுப்பிலும் ஒன்று. ஆஸ்பத்திரியில் அவன் போட்டிருந்த தோல் சூட்டைக் கத்தரிக்கோலால் தொடையிலிருந்து கணுக்கால் வரை வெட்டித்தான் கழற்றினார்கள். நர்ஸ் அதை ஒரு பையில் போட்டுப் பஞ்சுவின் பெண்டாட்டியிடம் கொடுத்தாள். அவள் அதை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, அவரு ஏறினப்ப நீங்க அங்கதான இருந்தீங்க?"

"இருந்தேன்."

"ஸ்பேனர் உங்க கையிலதான இருந்துச்சு?"

"இருந்துச்சு."

அவள் மடியில் இருந்த பையின் வாயைச் சுருட்டி மூடினாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் அக்காவுக்கு எவ்வளவோ தேவலையாக இருந்திருக்கும்.

டாக்டர் வந்து, இடுப்பில் தகடு வைத்து இன்னொரு ஆபரேஷன் செய்தால்தான் எழுந்து நடப்பான் என்றார். வேலையில் அடிபட்டது என்று கம்பெனி எழுதிக் கொடுத்தால் இன்சூரன்சில் முழுக்கச் செய்துவிடலாம். அந்த ஒரு காகிதம்தான் வேண்டும் என்றார்.

மறுநாள் மேனேஜர் காகிதத்தோடு வந்தார். அக்காவைத் தனியாக நடையின் கோடிக்குக் கூட்டிப் போய்க் கொடுத்தார். அவள் நின்றபடியே படித்தாள். 'வண்டியைக் கழுவி நிறுத்தச் சொல்லப்பட்ட ஊழியர், யாருடைய அனுமதியும் இன்றித் தானாக எடுத்து ஓட்டி விழுந்தார். இதை நேரில் பார்த்தேன்.' கீழே அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"போட்டீங்கன்னா உங்க வேலைக்கு ஒண்ணும் ஆகாது. கம்பெனியும் அவனுக்கு ஏதாச்சும் பாத்துச் செய்யும்."

அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. "தானா எடுத்தானா? சாவி யாரு சார் குடுத்தா? கழுவுறவனுக்கு எதுக்குத் தோல் சூட்டு? தண்ணி மேல தெறிக்கும்னா?"

"மெதுவாப் பேசுங்க. ஆஸ்பத்திரி."

"எதுக்கு மெதுவாப் பேசணும்? நீ கையச் சுழட்டுனத என் கண்ணால பாத்தேன்யா. எத்தன மில்லி, யாரு மாத்த விடல, எல்லாத்தையும் நோட்டுல எழுதி வச்சிருக்கேன். போய் எங்க வேணும்னாலும் சொல்லிக்க."

மேனேஜர் காகிதத்தை வாங்கி நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போகிறபோது பெஞ்சில் இருந்த பையையும் எடுத்துக்கொண்டார். "சூட்டு கம்பெனி சாமான்மா" என்று பஞ்சுவின் பெண்டாட்டியிடம் சொன்னார்.

அவர் காரில் ஏறிப் போன பிறகுதான் அக்காவுக்கு உறைத்தது. நோட்டு ஷெட்டில் இருக்கிறது. தானே வாயைக் கொடுத்து அது இருப்பதைக் காட்டிவிட்டாள். இரண்டு பஸ் மாறி ஓடினாள். டூல் டிராயர் திறந்து கிடந்தது. ஸ்பேனர்கள் வரிசை குலையாமல் இருந்தன, டேப் இருந்தது, பேனாகூட இருந்தது. நோட்டு மட்டும் இல்லை. அடுத்த நாள் காலையில் வாட்ச்மேன் அவளைக் கேட்டிலேயே நிறுத்திவிட்டான். "மன்னிச்சுக்கக்கா, உள்ள விடக் கூடாதுன்னுட்டாங்க" என்று அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்.

கம்பெனி எழுதிக் கொடுக்கவில்லை. அக்கா மூன்று ஆபீஸ் ஏறி இறங்கினாள். எல்லா இடத்திலும் ரிஜிஸ்டரைப் பார்த்தார்கள். ரிஜிஸ்டரில் கழுவுகிறவன் என்று இருந்தது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்யாமலே பஞ்சுவை வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொல்லிவிட்டார்கள். கட்டிலில் மல்லாந்து கிடந்தவன், "இப்ப என் எடை என்னக்கா இருக்கும், ஐம்பது?" என்று கேட்டான். அவள் எழுந்து வெளியே போனாள்.

அவளுடைய சொந்த டூல்பாக்ஸ் ஷெட்டில் கிடந்தது. பத்து நாள் நடையாக நடந்த பிறகு, வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள்.

வண்டி புதுப் பெயிண்டில் நின்றது. வால் அதே உயரத்தில் இருந்தது. வளையத்தை யாரும் எடுக்கவில்லை. பக்கத்தில் முப்பது வயசு மதிக்கத்தக்க ஒல்லியான ஆள் ஒருவன் சூட்டின் ஜிப்பை இழுத்துக்கொண்டிருந்தான். இடது காலில் தொடையிலிருந்து கணுக்கால் வரை கறுப்பு நூலில் தடியாகத் தைத்திருந்தது.

"எத்தன கிலோ?" என்றாள் அக்கா.

"ஐம்பத்தெட்டுங்க. சூட்டு கச்சிதமாப் பொருந்துச்சு, உடனே வேலைக்கு எடுத்துக்கிட்டாங்க."

"உன் எடைக்கு அளந்தாங்களா?"

"எதுக்குங்க? சின்னவருக்கு செட் பண்ணி வச்சிருக்காம். ரெண்டு ரவுண்டுதான்னாங்க."

"ஏறாத."

அவன் திரும்பி மேனேஜரைப் பார்த்தான். மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வீட்ல ரெண்டு புள்ளைங்கக்கா" என்றான் அவன், தணிந்த குரலில். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டு ஏறினான்.

அக்காவின் கண் பழக்கத்தில் வாலில் இருந்த சிவப்பு ஸ்டிக்கருக்குப் போனது. அவன் முழு எடையும் சீட்டில் உட்கார்ந்தது. ஸ்டிக்கர் ஒரு விரல்கூட இறங்கவில்லை.