பெண் பார்க்கப் போன வண்டி

இந்தக் காலத்து ஜனங்களுக்கு எதையும் குனிந்து பார்க்கிற பொறுமை கிடையாது. வண்டி நின்றால் கதவை அறைந்து சாத்திவிட்டு இறங்குவார்கள். நிழலில் நின்றுகொண்டு யார் முகத்தில் விழித்தோம் என்று கணக்குப் போடுவார்கள். பானெட்டுக்குள் என்ன என்று ஒருத்தரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். முப்பது வருஷமாகக் காஞ்சிபுரத்தில் வாடகைக் கார் ஓட்டுகிறேன். எனக்குத் தெரியாதா இவர்களை?

எழுபத்திரண்டாம் வருஷம் தை மாதம். பிள்ளையார்பாளையத்தில் ஆறு தறி வைத்திருந்த கிருஷ்ணம்மாள், மகன் காசிநாதனுக்குப் பெண் பார்க்க அய்யம்பேட்டைக்கு என் அம்பாசிடரைப் பேசினாள். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்த பிறகு சாயம் போடுவது, ஆளை விரட்டுவது எல்லாம் அவள்தான். மகனுக்கு முப்பது வயது. அம்மா தும்மினால் இவன் துண்டை எடுப்பான்.

அய்யம்பேட்டை எல்லையைத் தொடும்போது வண்டி கொதித்து ஆவி அடித்தது. பெண்ணின் அப்பா பஞ்சாட்சரம், கூலிக்கு நெய்கிறவர், வீட்டுக் கிணற்றிலிருந்து இரண்டு குடம் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். வண்டி ஆறின பிறகு ஊற்றினேன். உள்ளே எல்லாம் நல்லபடி நடந்தது. ஏலவார்குழலி என்ற அந்தப் பெண்ணைக் கிருஷ்ணம்மாளுக்குப் பிடித்துவிட்டது. தை முடிவதற்குள் பூ வைக்க வருவதாகச் சொல்லிவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.

திரும்பும்போது மூன்று மைல் தாண்டவில்லை, மறுபடியும் புஸ்ஸென்று ஆவி.

கிருஷ்ணம்மாள் இறங்கி நின்று மகனைப் பார்த்தாள்.

"போறப்பவும் பொங்கிச்சு. அந்த வூட்டுத் தண்ணியை ஊத்தினப்புறமும் பொங்குது. அந்தத் தண்ணி நமக்கு ஆவாதுடா, காசி."

எனக்குப் பொறுக்கவில்லை. "பாலு பொங்கினா நல்லதுன்றீங்க, தண்ணி பொங்கினா கெட்டதாம்மா?" என்றேன்.

"நீ வண்டியைப் பாரு, டிரைவரே. மத்ததை நாங்க பாத்துக்கறோம்."

காசிநாதன் புளியமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் பெரிய யோக்கியன் இல்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் தண்ணீர் ஊற்றி ஊற்றியேதான் ஓட்டினேன். விசிறி பெல்ட்டை இறுக்கினேன். கிணற்றுத் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்று கிணற்றைத் திட்டினேன்.

ஒரு நாள் மத்தியானம் பஞ்சாட்சரம் ஸ்டாண்டுக்கு வந்தார். சண்டைக்கு வந்தாரென்று நினைத்து நான் முந்திக்கொண்டேன்.

"இன்னாபா, வாடகை நீயா குடுத்தே? கேக்கறதுன்னா அவங்களைப் போய்க் கேளு."

"இல்லண்ணே. வண்டியில நெஜமாவே கோளாறு இருந்துச்சா? அதைத்தான் கேக்க வந்தேன்." துண்டை முறுக்கிக்கொண்டே சொன்னார். "வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க. எங்க வூட்டுத் தண்ணி ராசியில்லன்னு தெருவே பேசுது. வேற ஒரு எடத்துல பாக்க வரேன்னாங்க, அவங்களும் வரல. பொண்ணு தண்ணி சேந்தக்கூட கிணத்தாண்ட போவ மாட்டேன்றா."

என் வண்டி கொதித்ததற்கு எங்கேயோ ஒரு பெண் கிணற்றடிக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அவரைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டே பானெட்டைத் தூக்கி எஞ்சினை ஓடவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எஞ்சின் தலையில் கை வைக்க முடியவில்லை. அங்கிருந்து ரேடியேட்டருக்குப் போகிற மேல்குழாயைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. ரேடியேட்டரும் அப்படியே. எஞ்சினில் கொதிக்கிற தண்ணீர் ரேடியேட்டருக்கு வந்து ஆறவே இல்லை. நடுவில் வழி அடைத்திருக்கிறது. அந்த வழியில் இருப்பது தெர்மாஸ்டாட் ஒன்றுதான். எஞ்சின் சூடேறுகிற வரைக்கும் மூடியிருந்து, சூடானதும் திறந்து தண்ணீரை விட வேண்டிய சின்னப் பித்தளைக் கிண்ணம். மூன்று நட்டைக் கழற்றி எடுத்தேன். துருவும் உப்பும் ஏறி இறுகிக் கிடந்தது.

பக்கத்து மெக்கானிக் தேவசகாயம் சிரித்தான். "தூக்கிக் கடாசிட்டு ஓட்டு பெருசு. நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு?" எல்லா மெக்கானிக்கும் அப்படித்தான் சொல்வான். அது இல்லாவிட்டால் எஞ்சின் காலையில் சூடேறாமல் பெட்ரோலைக் குடிக்கும். அது இவனுக்குத் தெரியாது, இவன் சொன்னால் நான் கேட்பதாகவும் இல்லை. மெட்ராஸ் போய்ப் புதிது ஒன்று வாங்கி வந்தேன். மாட்டுவதற்கு முன்னால் பழையது, புதியது இரண்டையும் துணியில் முடிந்துகொண்டு கிருஷ்ணம்மாள் வீட்டுக்குப் போனேன்.

கொல்லையில் சாயக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது.

"இதுங்களை அதுல கொஞ்சம் போட்டுப் பாக்கணும்மா."

"பட்டு வேகற தண்ணியில இரும்பைப் போடுவியா? கறை புடிச்சா யாரு பதில் சொல்றது?"

"பித்தளைம்மா, இரும்பில்ல. வேணாம்னா ஒரு சொம்புத் தண்ணி மொண்டு குடுங்க."

தனிப் பாத்திரத்தில் கொதிக்கக் கொதிக்க ஊற்றி, அடுப்பிலேயே வைத்தாள். முதலில் பழையதை நூலில் கட்டி இறக்கினேன். தண்ணீர் தளதளத்தது. அது வாயே திறக்கவில்லை. அடுத்து புதியதை இறக்கினேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு மூடி மெல்ல மெல்ல எழும்பியது. காசிநாதன் குந்தி உட்கார்ந்து குழந்தை மாதிரி பார்த்தான்.

"தெறக்குதும்மா!" என்றான்.

"பாத்தீங்களா? இது தெறக்காததாலதான் அன்னிக்குப் பொங்கிச்சு. யார் வூட்டுத் தண்ணி ஊத்தியிருந்தாலும் பொங்கியிருக்கும். உங்க வூட்டுத் தண்ணிகூட."

கிருஷ்ணம்மாள் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். பிறகு கேட்டாள்: "அது சரி. இத்தினி வருஷம் தெறந்தது, அந்தப் பொண்ணைப் பாக்கப் போன அன்னிக்கின்னு பாத்து ஏன் மூடிக்கிச்சு?"

என்றைக்காவது ஒரு நாள் கெட்டுத்தானே ஆகவேண்டும் என்றேன். அவள் கேட்டுக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

"அம்மா, எனக்கு அந்தப் பொண்ணு புடிச்சிருக்குது" என்றான் காசிநாதன், பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டே. அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே சொந்தப் பேச்சு அதுதான்.

"சரி," என்றாள் அவள். "வண்டி மேலதான் தப்புன்னு வெச்சிக்கலாம். இந்த ஒரு தடவை விட்டுடறேன். வந்தப்புறம் இந்த வூட்ல ஏதாவது ஆச்சுன்னா அப்போ பேசிக்கறேன்."

காசிநாதன் அதற்கு ஒரு வார்த்தை பதில் சொல்வான் என்று பார்த்தேன். அவன் என் பழைய தெர்மாஸ்டாட்டை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் ஆறு தறி. நாளைக்கே ஒன்றில் இழை அறும், ஒரு பாவு நூல் சிக்கும், கொப்பரையில் ஒரு நாள் சாயம் திட்டுத் திட்டாகும். ஒவ்வொன்றுக்கும் நூலில் கட்டிக் காட்ட நான் போக முடியுமா?

பூ வைத்த மறுநாள் பஞ்சாட்சரம் தட்டில் வெற்றிலையும் வாழைப்பழமும் வைத்துக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தார். கண் கலங்கியிருந்தது.

"பொண்ணுக்கு வாழ்வு குடுத்தீங்கண்ணே. கல்யாணத்துக்கு உங்க வண்டிதான் வரணும்."

கிருஷ்ணம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. "இன்னொரு தடவை யோசிபா," என்றேன்.

அவர் முகத்தில் சிரிப்பு நின்று, மறுபடி வந்தது. "மாமியார்னா நாலு வார்த்தை சொல்லத்தான் செய்வாங்கண்ணே. இவங்களும் போயிட்டா எங்க வாசல்ல அப்புறம் யாரு வந்து நிப்பாங்க? நீங்க நல்லதுதான் செஞ்சீங்க."

"வேற வண்டி பாத்துக்கோ," என்றேன். தட்டை வாங்கவில்லை.

"அண்ணே, நல்லதுதாண்ணே செஞ்சீங்க!" என்று பின்னாலேயே குரல் கொடுத்தார். நான் திரும்பாமல் தெருக்கோடி வரைக்கும் நடந்தேன். அவர் எத்தனை தரம் சொன்னாலும் எனக்கு நம்பிக்கை வரவில்லை.