சம்மந்தி தந்த வேன்

மிதித்தால் தரை வரைக்கும் போன பிரேக், அரை மணி நேரம் நிறுத்தி வைத்த பிறகு கல்லாக நின்றது. எப்படி என்று ரபீகாவுக்குப் பிடிபடவில்லை. பழுதான ஒன்று, யாரும் தொடாமல் தானாகத் திருந்துமா?

ஹுன்னஸ்கிரியவிலிருந்து இறங்கும்போதுதான் அது முதலில் நடந்தது. வேனை ஓட்டிய கணவர் மஹ்மூதின் முழங்கால் வழக்கத்தைவிடத் தாழ்வதை, பக்கத்து சீட்டிலிருந்து அவள் பார்த்துவிட்டாள். நல்ல காலம், கண்டியின் கடைசி அரசன் பிடிபட்ட இடத்தைப் பார்க்க வேண்டும் என்று பின்னாலிருந்த சொந்தக்காரர்கள் கேட்டதால் மெதமஹநுவரவில் நிறுத்தினார்கள். எல்லோரும் நினைவுக்கல்லோடு நின்று படம் எடுத்தார்கள். திரும்பி வந்ததும் மஹ்மூத் இரண்டு தடவை மிதித்துப் பார்த்தார்.

"இப்ப நல்லா இரிக்கி" என்று அவளிடம் முணுமுணுத்தார். "வாயத் திறந்திராத."

காரணம், நடு சீட்டில் உட்கார்ந்திருந்த சம்மந்தி ஹிதாயா. அவளுடைய மகள் ருஷ்தா ரபீகாவின் மருமகளாகி மூன்று மாதம்தான். அக்கரைப்பற்றிலிருந்து வந்த சம்மந்தி வீட்டாருக்கு ஊர் சுற்றிக் காட்டத் ஹிதாயா தன் வீட்டு வேனையே தந்து, வழி சொல்ல மடவளையிலிருந்து தானும் ஏறியிருந்தாள். புதுச் சம்மந்தி தந்த வேனைக் குறை சொன்னால் அது வேனோடு நிற்காது. சுற்றிச் சுற்றிக் கடைசியில் ருஷ்தாவின் தலையில்தான் விடியும். போதாததற்குத் தெல்தெனியவில் ஹிதாயா நானா என்று கூப்பிடும் அண்ணனின் வீட்டில், ஒரே தட்டைச் சுற்றி எல்லோரும் உட்காரும் சஹன் சாப்பாடு காத்திருந்தது.

மறுபடியும் இறக்கம். வேன் தன் பாட்டில் வேகம் பிடிக்க, மஹ்மூத் பிரேக்கில் வைத்த காலை எடுக்கவே இல்லை. ஏதோ தீய்கிற நாற்றம் வந்தது. ஒரு வளைவில் அவர் முழங்கால் திரும்பவும் தாழ்ந்தது. எதிரே ஹோர்ன் அடித்தபடி பஸ் ஏறி வந்தது. மஹ்மூத் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வேனை மலைப் பக்கத்து மண்மேட்டில் சாய்த்தார். பின்னால் யாரோ கலிமா சொன்னார்கள். பஸ் உரசாமல் போனது.

"என்ன சம்மந்தி, நித்திரையா?" என்றாள் ஹிதாயா. குரலில் சிரிப்பில்லை. "போன கிழமதான் எங்கட மகன் சர்விஸ் பண்ணின. இதே ரோட்டுல அவன் ஒரு நாளும் இப்பிடி நிப்பாட்டின இல்ல."

கண் அசந்துவிட்டது என்று மஹ்மூத் இல்லாத பிழையை ஒப்புக்கொண்டார். உடனே ஹேண்ட் பிரேக்கை இறக்கப் போனார். பாதி மலை இன்னும் கீழே கிடந்தது. ரபீகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதே வேன், அதே ரோட்டு. மாறியிருப்பது ஓட்டுகிறவர் மட்டும்தான்.

அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசிக்குழலின் முனையை அடைத்துக்கொண்டு தள்ளினால் மருந்து அசையாது; உள்ளே ஒரு காற்றுக்குமிழி இருந்தால் அது நசுங்கி இடம் கொடுக்கும். பிரேக்கும் அப்படித்தானே? காலின் அழுத்தத்தைச் சில்லுக்கு, அதாவது சக்கரத்துக்கு, கொண்டுபோவது குழாய்க்குள் இருக்கும் எண்ணெய். கால் எடுக்காமல் மிதித்தால் சில்லில் ஏறும் சூட்டில் அந்த எண்ணெய் கொதித்துக் குமிழி கட்டும். பிறகு மிதிக்கிற மிதியெல்லாம் குமிழியை நசுக்கவே சரி. சூடு ஆறினால் குமிழியும் போய்விடும். அரசன் பிடிபட்ட இடத்தில் பிரேக் திருந்தியது அப்படித்தான்.

அவள் ஓட்டோமெட்டிக் கியரைப் பார்த்தாள். டி-யில் நின்றது. அக்கரைப்பற்றின் தட்டை ரோட்டில் மஹ்மூத் அதைத் தவிர வேறெதையும் தொட்டதில்லை.

"சம்மந்தி, உங்கட மகன் இந்த இறக்கத்துல கியரை எதில போடுவாரு?"

"எல்-லதான், மெதுவா இறங்குற லோ கியர்ல. வேற எதில போட?"

"நாங்க டி-லயே வந்திட்டம். உங்கட வேன்ல ஒரு பிழையும் இல்ல. எங்கட ஊருலதான் மலை இல்ல."

மஹ்மூத் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஹிதாயா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு போனை எடுத்து, சோற்றை மூடி வைக்கும்படி நானா வீட்டுக்குச் சொன்னாள்.

சில்லு ஆறும் வரை காத்திருந்தார்கள். பிறகு கியரை எல்லில் போட்டு, வேனின் வேகத்தை இஞ்சினே பிடித்துக்கொள்ள விட்டு, வளைவுக்கு முன்னால் மட்டும் பிரேக்கை ஒரு தடவை மிதித்து உடனே காலை எடுத்து, தெல்தெனிய வரைக்கும் அப்படியே இறங்கினார்கள்.