மூன்றாம் தொட்டிக் கொக்கு

கழிவுநீர் நிலையத்தின் மூன்றாம் தொட்டியில் காலை மாதிரி எடுக்கப் போனபோதுதான் அவள் அதைப் பார்த்தாள். தண்ணீரின் மேல் மெதுவாகச் சுற்றும் இரும்புக் கையில் உண்ணிக்கொக்குகள் வரிசையாகச் சவாரி போய்க்கொண்டிருந்தன. எல்லாம் வெள்ளை. ஒன்று மட்டும் தலை, கழுத்து, முதுகு என்று ஆரஞ்சு அப்பிக்கொண்டு நின்றது. அலகு சிவந்திருந்தது. கூடு கட்டும் மாதங்களில் வரவேண்டிய நிறம். இப்போதோ, பேசினால் வாயிலிருந்து புகை வரும் குளிர். கைபேசியில் எடுத்த படத்தில் மூடுபனிதான் விழுந்திருந்தது. குளிர்காலப் பறவைக் கணக்கெடுப்புப் படிவத்தில் பேனாவால் எழுதினாள்: 'ஒன்று, இனப்பெருக்கக் கோலத்தில்.'

பம்ப் ஓட்டுபவன் எட்டிப் பார்த்தான். "பை அக்கா, ஆரஞ்சுப் பையா இருக்கப்போவுது. நல்லாப் பாருங்க."

போன குளிர்காலத்தில் வேலியில் மாட்டியிருந்த வெள்ளை பிளாஸ்டிக் பையைக் கொக்கென்று எண்ணிவிட்டாள். அன்றிலிருந்து இந்தப் பெயர்.

அவள் அனுப்பியிருந்த படிவத்தின் படத்தைப் பார்த்துவிட்டு, மாலையில் கணக்கெடுப்பு ஒருங்கிணைப்பாளர் போனில் கூப்பிட்டார். "இந்தக் குளிர்ல எந்தக் கொக்கும்மா மாப்பிள்ளை வேஷம் போடும்? சாக்கடைக் கறையா இருக்கும்."

"கறைன்னா கால்ல, வயித்துல பிடிக்கும் சார். தலையிலயா ஏறும்?"

"பையையும் இதே உறுதியோடதான் சொன்னீங்க."

"அது பைன்னு யாரு சார் கண்டுபிடிச்சது? நீங்களா? மறுநாள் நானே போன் பண்ணிச் சொன்னேன்."

அவர் பேச்சை மாற்றினார். "வெள்ளைன்னு மாத்திக் கொடுத்திடுங்க. இல்லேன்னா உங்க இடத்தையே பட்டியல்லேர்ந்து எடுக்கவேண்டி வரும்."

பதினோரு குளிர்காலம். நாற்றத்துக்குப் பயந்து வேறு யாரும் வராத இடத்தில், வேலைக்கு முன்னால் வந்து நின்று அவள் எண்ணியவை அத்தனையும் அந்தப் பட்டியலில் இருந்தன. ஆனாலும் பேசும்போது குரல் தெளிவாகத்தான் வந்தது.

"எடுத்துக்கோங்க. மாத்த மாட்டேன். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க. மூக்கைப் பொத்திக்கிட்டாவது வாங்க."

வந்தார், கைக்குட்டையோடு. தொட்டியின் பாதியை மூடுபனி விழுங்கியிருந்தது. இரும்புக் கை அவர்களைக் கடந்தது. பதினான்கு கொக்குகள். பதினான்கும் வெள்ளை.

அவர் இருநோக்கியை இறக்கினார். "எங்கம்மா?"

"கைக்கு இன்னொரு பக்கமும் இருக்கு சார். அது சுத்தி வர பத்து நிமிஷம் ஆகும். நில்லுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். அவள் பார்க்கவில்லை. படிவத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பனியையே பார்த்திருந்தாள். உள்ளே எங்கோ சக்கரம் கிறீச்சிட்டது. இரும்புக் கையின் முனை வெளியே வந்தது. அதன்மேல் முதல் கொக்கு, வெள்ளை. அடுத்தது, வெள்ளை. அதற்குப் பின்னால், இன்னும் பனிக்குள், ஒன்று.