சமையலறை வகுப்பு

மீன்தொட்டி மோட்டாரின் வயரைப் பிடுங்கப் போன அண்ணன் சகாரியின் கையை இர்மெலி தட்டிவிட்டாள்.

“விடு அதை.”

“இன்னும் எதுக்கு இது ஓடணும்?”

“காலையில பிள்ளைங்க வராங்க. இன்னைக்கு வியாழக்கிழமை.”

பக்கத்து அறையில் அம்மா இறந்து கிடந்தாள். விடியும் முன்பே போய்விட்டாள். நர்ஸ் ஆக்ஸிஜன் இயந்திரத்தை நிறுத்தி, சாவு வீட்டு வழக்கப்படி ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டுக் கிளம்பியிருந்தாள். பின்லாந்தின் குவோபியோ நகரத்துப் பிப்ரவரிக் குளிர் கதவிடுக்கு வழியாகச் சமையலறைவரை வந்தது. வீட்டில் இப்போது கேட்கிற சத்தம் ஒன்றுதான். மேசைமேல், கண்ணாடி ஜாடியில், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்துத் தொட்டியிலிருந்து அள்ளிவந்த பழுப்புக் கசடுக்குள் அந்தச் சின்ன மோட்டார் காற்றை ஊதிக் குமிழிட்டுக்கொண்டிருந்தது.

அம்மா டெல்லெர்வோ ஆயுசெல்லாம் சுற்றுச்சூழல் பொறியியல் மாணவர்களுக்கு உயிரியல் அடிப்படை சொல்லிக்கொடுத்தவள். கழிவுநீரைச் சுத்தம் செய்வது குழாயும் இல்லை, பம்பும் இல்லை, அதற்குள் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்கள்தான்; அவற்றை முகம் பார்த்துப் பழகாதவனிடம் தொட்டி கட்டும் வேலையைக் கொடுக்கக்கூடாது என்பது அவள் கட்சி. போன வசந்தத்தில் கல்லூரி அந்தப் பாடத்தை எடுத்துவிட்டது. கணினியில் வடிவமைப்புக்கு நேரம் போதவில்லையாம். பூச்சி புழு சமாச்சாரத்தை இரண்டு வீடியோவில் முடித்துக்கொள்ளலாமாம். அந்த முடிவில் கையெழுத்துப் போட்ட துறைத் தலைவர் சகாரி. பெற்ற மகன்.

டெல்லெர்வோ சண்டை போடவில்லை. வியாழக்கிழமை என் சமையலறைக்கு வாருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லியனுப்பினாள். மதிப்பெண் கிடையாது, சான்றிதழ் கிடையாது, காபியும் ஏலக்காய் பன்னும் உண்டு. யார் வரப்போகிறார்கள் என்று சகாரி சிரித்தான். வந்தார்கள். நாற்காலி போதாமல் இர்மெலி குளியலறை ஸ்டூலைக்கூடத் தூக்கிவந்து போட்டாள். புற்றுநோய் முற்றி, மூக்கில் குழாயோடுகூட அம்மா மைக்ரோஸ்கோப்பின் அருகே உட்கார்ந்திருந்தாள்.

கல்லூரி நாளிலிருந்தே வருடா வருடம் யாராவது ஒரு பிள்ளை பாட்டில் வழிய வழியக் கசடை நிரப்பி, சிந்தாமலிருக்க இறுக மூடிக் கொண்டுவரும். வந்து சேர்வதற்குள் உள்ளே பாதி செத்திருக்கும். அம்மா திட்டமாட்டாள். “நீ கொண்டுவந்தது தண்ணி இல்லடா, ஆளுங்க. மூச்சு விட இடம் குடு,” என்பாள்.

சகாரி போனை எடுத்தான். எல்லோருக்கும் சேதி அனுப்பிவிடுகிறேன், இழவு வீட்டில் சாக்கடையை வைத்துக்கொண்டு வகுப்பு நடத்தினால் ஊர் என்ன நினைக்கும் என்றான்.

“அம்மா வகுப்பை நீ ஒரு தடவை ரத்து பண்ணினது போதும்,” என்றாள் இர்மெலி.

அவன் முகம் செத்துவிட்டது. போனைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றான். சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை. அடக்கிவைத்திருந்த கோபம், இன்றைக்கு அடக்குவதாக இல்லை.

பிள்ளைகள் வந்து வாசலில் பூட்ஸைக் கழற்றும்போதே அவள் விஷயத்தைச் சொன்னாள். இங்கா அழுதுவிட்டாள். யோனா கொண்டுவந்த பாட்டிலை மேசையோரம் வைத்துவிட்டு, நாங்கள் அப்புறம் வருகிறோம் என்று பின்வாங்கினான்.

“காபி போட்டாச்சு, உக்காருங்க. அம்மா அடுத்த ரூம்லதான் இருக்காங்க. திருத்தறதுக்கு மட்டும் இன்னைக்கு வரமாட்டாங்க.” அவள் கோப்பைகளை எடுத்துவைத்தாள். “எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது. நான் முடிவெட்டறவ. ஆனா பார்க்காம, வரையாம யாரும் பேசக்கூடாதுன்னு தெரியும். ஆரம்பிங்க.”

உட்கார்ந்தார்கள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே வரைந்தார்கள். கொஞ்ச நேரத்தில் அழுகை குறைந்து பென்சில் சத்தம் கேட்டது.

“காம்பு மேல மணி மாதிரி ஒண்ணு. சுருங்கிச் சுருங்கி நீளுது,” என்றாள் இங்கா மைக்ரோஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்காமல். “உயிரோடதான் இருக்கு.”

சவ வண்டிக்காரர்கள் வந்தபோது வகுப்பு பாதியில் இருந்தது. அம்மாவை வெளியே கொண்டுபோகச் சமையலறையைத் தவிர வேறு வழியில்லை. பெட்டியைப் பார்த்ததும் பிள்ளைகள் எழுந்தார்கள். இர்மெலி கையமர்த்தினாள்.

“எழுந்திருக்க வேண்டாம். வகுப்பு நடுவுல யார் வந்தாலும் எழுந்திருக்கறது அவங்களுக்குப் பிடிக்காது.”

மெதுவாக உட்கார்ந்தார்கள். பெட்டி அவர்கள் முதுகுக்குப் பின்னால், நாற்காலிகளை உரசிக்கொண்டு நகர்ந்தது. குனிந்த தலையை யாரும் நிமிர்த்தவில்லை.

“இனிமே எங்க வர்றது?” என்று யோனா தாளைப் பார்த்தபடியே கேட்டான்.

“அடுத்த வியாழக்கிழமையும் இங்கதான். அதுக்கடுத்த வியாழக்கிழமையும் இங்கதான்.” சகாரிக்குக் கேட்கட்டும் என்றே உரக்கச் சொன்னாள்.

வாசலில் பெட்டியைத் திருப்ப இடம் போதவில்லை. பின்னால் வந்த சகாரி மேசையோரம் நிற்க வேண்டியதாயிற்று. அவன் முழங்கைக்குப் பக்கத்தில் யோனாவின் பாட்டில் இருந்தது. கழுத்துவரை கசடு, மூடி இறுக்கி முறுக்கியிருந்தது.

சகாரி அதை எடுத்தான். மூடியைத் திருகித் திறந்து, பாத்திரம் கழுவும் தொட்டியில் கொஞ்சம் ஊற்றினான். மூடியை மேலே சும்மா வைத்து, குமிழிட்டுக்கொண்டிருந்த ஜாடிக்குப் பக்கத்தில் பாட்டிலை நிறுத்தினான். பிறகு கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு அம்மாவின் பின்னால் பனியில் இறங்கினான்.