தண்ணி எங்க போகுது?

ஜெஞ்சாரோமில் ஆடுகளை ஏற்றிக்கொண்டு கிள்ளானுக்குக் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே லோரியின் சூடு காட்டும் முள் ஏறத் தொடங்கியது. லோகேஸ்வரி ரோட்டையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்து ஓட்டினாள். காலையில்தான் ரேடியேட்டரை நிரப்பியிருந்தாள். நேற்றும் நிரப்பினாள். வீட்டில் லோரி நின்ற இடத்தில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பிறகு எங்கேதான் போகிறது?

பக்கத்து சீட்டில் அவள் கணவன் கமலநாதன் தொடையைத் தட்டிக்கொண்டே வந்தான். பல வருஷம் இந்த லோரியை ஓட்டியவன். சர்க்கரை வியாதியில் கண் மங்கி லைசன்ஸ் போனபின் அவள் ஓட்டுகிறாள். அவன் கூட வருகிறான்.

“முள்ளு எங்க இருக்கு?”

“சிவப்பைத் தொடப் போகுது.”

“மெதுவா போ லா. கிள்ளான் பக்கம்தான்.”

“முடியாதுங்க. நிப்பாட்டுறேன்.”

செம்பனை மரங்களின் ஓரம் நிறுத்தி எஞ்சினை அணைத்தாள். அதற்குள் அவன் இறங்கி, ஒரு துணியோடு ரேடியேட்டர் மூடியைத் தேடித் தடவினான்.

“கையை எடுங்க! வெந்து போயிடும்!”

“எனக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சா எடுங்க.”

துணியை வீசிவிட்டு ரோட்டோரம் முன்னும் பின்னும் நடந்தான். பின்னால் ஆடுகள் கத்தின. இருந்தது ஒரு பிளாஸ்டிக் தோம் நிறையத் தண்ணீர்தான். பாதியை ஆடுகளுக்கு வாளியில் ஊற்றினாள். கிள்ளானில் ஆடுகளுக்காகக் காத்திருந்த வியாபாரி ஷாஹுல் ஹமீது மறுபடி மறுபடி போன் அடித்தார். அவள் எடுக்கவில்லை. என்ன சொல்வது என்று அவளுக்கே இன்னும் தெரியாது.

சூடு தணிந்ததும் மிச்சத் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றி, எஞ்சினைக் கிளப்பி, லோரியின் தலைப்பக்கத்தை முன்னால் சாய்த்து, போன் வெளிச்சத்தில் தேடினாள். ரப்பர் குழாய்கள் காய்ந்திருந்தன. ரேடியேட்டரும் அப்படித்தான். எஞ்சின் சூடேறிய பிறகுதான் கண்ணில் பட்டது: எஞ்சின் காற்றாடிக்குப் பின்னால், தண்ணீர் பம்பின் அடியிலிருந்து நூல் மாதிரி ஒரு கசிவு. சூடான இரும்பில் பட்டதுமே காய்ந்து வெள்ளைத் தடமாகிவிடுகிறது. தரைக்கு வந்தால்தானே தெரியும்!

“பம்புங்க. ஓடும்போது மட்டும் கசியுது.”

எஞ்சினை அணைத்து, காற்றாடியைப் பிடித்து அசைத்தாள். கடகடவென்று ஆடியது.

“பேரிங் போச்சு,” என்றான் கமலநாதன், தூரத்தில் நடந்தபடியே. “தண்ணி ஊத்தி ஊத்திப் போயிடலாம்.”

“காத்தாடி பிச்சுக்கிட்டு ரேடியேட்டரைக் கிழிச்சா? நான் ஓட்ட மாட்டேன்.” சட்டென்று திரும்பினாள். “தொட்டுக்கூடப் பாக்கல. பேரிங்னு எப்படிச் சொன்னீங்க?”

அவன் நடப்பதை நிறுத்தினான்.

“போன வாரமே சத்தம் கேட்டுச்சு.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா லோரியை ரிப்பேருக்கு பெங்கெல்ல போட்டுருவ. நான் அந்த வீட்டுக்குள்ள சுவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். பகலெல்லாம். என்னால முடியல, லோகா.”

அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. போனை எடுத்து ஷாஹுல் ஹமீதைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, லோரி படுத்துருச்சு. வேற லோரி அனுப்புங்க. ஆடெல்லாம் நல்லா இருக்கு.”

ஷாஹுல் ஹமீது ஏசினார். ஆனாலும் அனுப்பினார். ஆடுகளை மாற்றி ஏற்றும்போது கமலநாதன் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியது. லோரியை இழுவை வண்டியில் கட்டி, வீடு இருக்கும் பண்டமாரானுக்குத் திரும்பினார்கள்.

பழைய மாடலுக்கு பம்பு கிடைக்க வார இறுதி ஆகும் என்றார்கள் பெங்கெல்லில். மறுநாள் காலை அவன் எழுந்து கதவுக்கும் சமையல்கட்டுக்குமாக நடந்துகொண்டிருந்தான். லோகேஸ்வரி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“சட்டையை மாத்துங்க.”

“எங்க?”

“பிரிக்ஃபீல்ட்ஸ். ரயில்ல போயி வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுட்டு வருவோம். இனிமே ஏதாச்சும் சத்தம் கேட்டா அன்னிக்கே சொல்லணும். லோரி நின்னா நாமளும் நிக்கணும்னு இல்ல.”

கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறினார்கள். இடம் இருந்தும் அவன் உட்காரவில்லை. கதவோரம் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரயில் நிற்கும்போதெல்லாம், “இது எந்த ஸ்டேசன்?” என்று கேட்டான். அவள் ஒவ்வொரு பெயரையும் படித்துச் சொன்னாள்.