கையுறை போடாத விரல்

இன்று தேர்வாளர் ஹில்டா சரி என்று சொல்லிவிட்டால், கிறிஸ்துமஸுக்குள் ஜெரூஷா முனைவர். அதற்கு அவள் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும்.

அவளுடைய ஆய்வு இதுதான்: கண்ணாடிச் சில்லில் ஒளிரக்கூடிய மெல்லிய பாலிமர் படலம். படலத்தில் செம்பு ஏறியிருப்பதால் புற ஊதா விளக்கின் கீழே கறுப்பாகக் கிடக்கும். ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் அது செம்பைப் பிடுங்கிக்கொள்ளும். விழுந்த இடம் பச்சையாக ஒளிரும்.

போன வாரம், மே மாதத்துச் சில்லு ஒன்றில் வெறும் தண்ணீரை விட்டாள். அதுவும் ஒளிர்ந்தது.

மே மாதம் ஆய்வுக்கூடத்தில் ஏசி கெட்டுக் கிடந்தது. கையுறைக்குள் வியர்த்து வழுக்கியதால் கழற்றி எறிந்துவிட்டு வெறுங்கையோடு வேலை பார்த்தாள். வியர்வையிலும் அமினோ அமிலம் உண்டு. சில்லில் காய்ந்திருந்த விரல்தடம் தண்ணீர் பட்டதும் கரைந்து வேலையைக் காட்டிவிட்டது. ஆய்வேட்டின் நல்ல முடிவுகள் எல்லாம் அந்த மே மாதத்தவை.

நெறியாளர் சத்தியநாதனிடம் சொன்னாள்; பொறுமையாகக் கேட்டார். தேர்வாளரிடம் புதுச் சில்லில் ஹிஸ்டிடினை மட்டும் காட்டு, தண்ணீரைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்றார். பக்கத்து மேசை ஆஸ்டின் சிரித்தான்.

"சாட்சி சொல்றதெல்லாம் சர்ச்சோட வெச்சுக்கோ ஜெரூ. நம்ம காட்டாங்குளத்தூர் லேப்ல வேணாம்."

இன்று ஹில்டாவின் முன்னால் அறை விளக்கை அணைத்துப் புற ஊதா விளக்கைப் போட்டார்கள். சொட்டு விழுந்தது, பச்சை எழுந்தது. ஹில்டா தலையசைத்துக் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

ஜெரூஷா வலது கையுறையைக் கழற்றினாள். வியர்த்திருந்த கட்டைவிரலை இன்னொரு சில்லில் அழுத்தி எடுத்தாள். ரேகை ரேகையாகப் பச்சை எழுந்தது.

"இது என் வேர்வை மேடம். மே மாச ரீடிங்ல இதுவும் சேர்ந்திருக்கு."

லைட்டைப் போடும்மா என்றார் சத்தியநாதன், குரலை உயர்த்தாமல். அவள் போடவில்லை. ஹில்டா குனிந்து ரேகையை வெகுநேரம் பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"திரும்பப் பண்ண எவ்ளோ நாள் ஆகும்?"

"ஒரு வருஷம் மேடம்."

"டிசம்பரோட இவ ஃபெல்லோஷிப் பணம் முடியுது" என்றார் சத்தியநாதன்.

"முடியட்டும் சார். நான் இங்கதான் இருப்பேன்."

மறுநாள் காலை ஏசி மறுபடி நின்றிருந்தது. ஜெரூஷா மே மாதச் சில்லுகளைக் குப்பையில் கொட்டிவிட்டுக் கையுறைகளை மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் உள்ளே வியர்த்து வழுக்கியது.

அவள் கழற்றவில்லை.